பங்கு எரு

குளிர்காலத்தின் கடைசியில் வரும் அம்ஷீர் மாதக் காற்றைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. காலையில் குளிரடிக்கும், நடுப்பகலில் வேக வைக்கும், சாயங்காலமானால் பாலைவனத்தை வாரிக் கொண்டுவந்து ரொட்டித் தட்டில் கொட்டும். அந்தக் காற்றில் தலைத்துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தவ்ஹிதா தன் வெங்காய வயலில் நின்றாள். பல்லில் துணி இல்லாமல் இருந்திருந்தால் அவள் போட்டிருக்கும் சத்தத்துக்குப் பள்ளிவாசல் மினாரில் அடையும் புறாவெல்லாம் பறந்திருக்கும்.

மேற்கு மூலையில் பாத்தி பாத்தியாக மஞ்சள் அடித்துக் கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு தாளைப் பிடித்து இழுத்தாள். வெங்காயம் என்றால் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும், வேர் மண்ணை விடமாட்டேன் என்று சொல்ல வேண்டும். இது சொல்லிவைத்ததுபோல் கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை. வேர் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு, அந்தப் பஞ்சின்மேல் கசகசாவைக் கருக்கித் தூவினாற்போல் கறுப்பு மணிகள். மோந்து பார்த்தாள். அழுகல் நாற்றம்.

அவள் புருஷன் ஹர்பி கழுதையை வரப்பில் விட்டுவிட்டு மெதுவாக வந்தான். அவன் எதற்கும் மெதுவாகத்தான் வருவான்.

"என்ன புள்ள அது?"

"உங்க பரம்பரைச் சொத்து. வந்து பாருங்க."

வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "மூணு வருஷமா இந்த மண்ணுல வெங்காயமே போடலையே. கோதுமை போட்டோம், பெர்சீம் புல்லு போட்டோம், கோடையில சோளம் போட்டோம். மாத்தி மாத்தித்தானே வச்சோம்?"

"அதை எங்கிட்டக் கேக்காதீங்க. வெங்காயத்தக் கேளுங்க."

"அல்லாஹ்வோட நாட்டம்."

"அல்லாஹ்வுக்கு வேற வேலை இல்ல பாருங்க, ஹர்பி வயல்ல மேற்கு மூலையா பாத்து அழுக வைக்க!"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர்களுக்கு இருந்தது ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான அந்த ஒரு ஃபெத்தான் நிலம்தான், ஒரே மகன் ஜாபிர்தான். அவனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. வெங்காயம் தேறினால் கல்யாணம், ஊரோடு இருப்பான். தேறாவிட்டால் லிபியா. அடுத்த தெரு ஷஹாத்தாவின் மகன் லிபியாவுக்குப் போனான். போனவன் போனவன்தான், உடம்புகூட வரவில்லை. அவன் அம்மா இன்னமும் பேருந்து நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். தவ்ஹிதா அவளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவாள்.

கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வேளாண் அதிகாரி வந்தார். சின்ன வயதுக்காரர், ஆனால் வேலை தெரிந்தவர். ஒரு கை மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்து, தேநீர் வடிகட்டியில் ஊற்றி அலசி, மிஞ்சியதை வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டினார். பொடிப்பொடியாகக் கறுப்பு மணிகள்.

"இது வெள்ளையழுகல், அம்மா. பூஞ்சை நோய். இந்த மணிதான் அதுக்கு வித்து. மண்ணுல இருபது வருஷம்கூடத் தூங்கும்."

"இருபதா!" என்றான் ஹர்பி.

"கோதுமை போடுங்க, அவரை போடுங்க, அதுக்கு ஒண்ணுமே தெரியாது. வெங்காயமோ பூண்டோ வேர் விட்டு, அந்த வாசனை பட்டுதுன்னா அப்பத்தான் முழிச்சுக்கும்."

"அப்ப நாங்க பயிர மாத்தி மாத்தி வச்சதெல்லாம்?" தவ்ஹிதா கேட்டாள்.

"மத்த நோய்க்கு நல்லது. இதுக்கு மூணு வருஷமெல்லாம் காணாது. பட்டினி போட்டா எழுந்து போற விருந்தாளி இல்ல இது. இனிமே இந்த நிலத்துல வெங்காயத்த மறந்துருங்க. பிடுங்கினதக் குழியில போட்டு எரிங்க, வாய்க்கால்ல வீசாதீங்க. ஒரு கூடை தண்ணியில போனாப் போதும், தண்ணி பாயற பாத்திக்கெல்லாம் போயிரும்."

"எங்க வயலுக்கு எப்படி வந்துச்சு?"

"மண்ணோடதான் வரும். கலப்பையில, நாத்துல, செருப்புல வரும். அழுகின வெங்காயத்த மாடு தின்னாச் சாணத்துலயும் வரும்." அதிகாரி துணியை உதறி மடித்தார். "ஆமா, தொழுவத்துக்கு மண்ணு எங்கேருந்து எடுக்கறீங்க?"

அந்தக் கேள்வியில் தவ்ஹிதா கடித்திருந்த தலைத்துணி வாயிலிருந்து நழுவியது.

எங்கள் பக்கத்தில் எருமைக்கு வைக்கோல் விரிக்கிற வழக்கம் கிடையாது. வைக்கோல் தின்னத்தான். தொழுவத்தில் காய்ந்த மண்ணைத்தான் விரிப்போம். அறுவடை முடிந்த வயலிலிருந்து கழுதைமேல் மண் வரும். எருமை அதில் படுத்து, சாணி போட்டு, மூத்திரம் பெய்து, மிதித்துக் குழப்பும். அதைச் சுரண்டிக் குவித்து, நடவுக்கு முன்னால் மறுபடி கழுதைமேல் ஏற்றி வயலுக்கே அனுப்புவோம். போன மண் பொன்னாகத் திரும்பி வரும் என்பார்கள். ஹர்பியும் அவன் அண்ணன் கினாவியும் அப்பா செத்த பிறகு வீட்டைப் பிரித்தார்கள், நிலத்தைப் பிரித்தார்கள், பாத்திரத்தைக்கூடப் பிரித்தார்கள். தொழுவத்தை மட்டும் பிரிக்கவில்லை. இரண்டு எருமையும் ஒரே கூரையின் கீழ் நின்றன. வருஷத்துக்கு ஒருமுறை எருக்குவியலில் ஆளுக்குப் பாதி.

தொழுவத்துக்கு மண் கொண்டுவருவது கினாவி. எங்கிருந்து? அவனுடைய கிழக்கு வயலிலிருந்து. நாலு வருஷத்துக்கு முன் அந்தக் கிழக்கு வயலில் கினாவி வெங்காயத்தை முற்றுவதற்கு முன்பே தோண்டி எடுத்தான். "விலை நல்லாருக்கு" என்றான். அழுகிய காயைக் கூடை கூடையாக எருமைகளுக்குப் போட்டான். அதற்குப் பிறகு அங்கே அவன் வெங்காயம் போடவே இல்லை. அம்மா அவனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த கால்வாய்க்கரை நிலம் ஒன்று இருக்கிறது, ஊரிலேயே முதல்தரமான மண். அதில் இந்த வருஷம் பெர்சீம், வருகிற குளிருக்கு வெங்காயம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நிலத்துக்குத் தொழுவத்து எரு ஒரு கூடைகூடப் போகவில்லை. கடையில் வாங்கிய மூட்டை உரம்தான் போனது. தம்பியிடம் மட்டும், "உன் பங்க வெங்காயத்துக்கே போடுடா, நல்லாப் பருக்கும்" என்று பாசமாகச் சொன்னான்.

அந்தப் பாச எருவைச் சுமந்து, கையால் உடைத்து, பாத்தி பாத்தியாக இறைத்தது தவ்ஹிதாதான்.

நேரே தொழுவத்துக்குப் போனாள். கினாவி ஒரு கல்லில் உட்கார்ந்து, கறுத்துக் கொதித்த தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அபூ ரிஃபாய்," என்று அவன் மூத்த மகன் பேரை வைத்துக் கூப்பிட்டாள். "உங்க கிழக்கு வயல்ல நாலு வருஷத்துக்கு முன்னால வந்தது என்ன நோவு?"

"வா உம்மு ஜாபிர். முதல்ல சலாம் சொல்லுவாங்க, அப்புறம்தான் சண்டை."

"சலாம். என்ன நோவு?"

"நோவா? யாருக்கு? எனக்கு முட்டிவலிதான்."

"அந்த மண்ணத்தான் இங்க கொண்டாந்து கொட்டினீங்க. அழுகின காய எருமைக்குப் போட்டீங்க. உங்க வெங்காய நிலத்துக்கு இந்த எருவத் தொடக்கூட விடல. எங்களுக்கு மட்டும் வாரிக் குடுத்தீங்க!"

கினாவி சிரித்தான். முழுப் பல்லும் தெரிகிற சிரிப்பு. "இந்தா பாரு, பங்குல பாதி குடுத்தாலும் குத்தம், குடுக்கலேன்னாலும் குத்தம். நோவு அல்லாஹ் குடுக்கறது. எம்மேல ஏன் பழி போடறே? வெங்காயம் விளையாத நிலத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? விக்கறதா இருந்தா முதல்ல அண்ணன்கிட்டச் சொல்லச் சொல்லு எந்தம்பிய. அந்நியனுக்குப் போக வேண்டாம்."

"அதானே பாத்தேன். அதுக்குத்தானா இது?"

"ஜாபிர் லிபியாவுக்குப் போறானாமே. நல்லது, நல்லது. வரும்போது பெரியப்பாவுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிட்டு வரச் சொல்லு."

இவ்வளவு நேரம் பேசியவள் பேசாமல் திரும்பியதைக் கண்டு கினாவிக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

முறைப்படி செய்வோம் என்று ஹர்பி அவளை ஹாஜி அபுல்வஃபாவிடம் கூட்டிக்கொண்டு போனான். ஊரில் வெட்டு குத்து முதல் வாய்க்கால் தகராறு வரை அவர் வீட்டுக் கூடத்தில்தான் தீரும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், இரண்டு முறை தேநீர் கொடுத்தார். "கோதுமை அறுப்பு முடியட்டும், உக்காந்து பேசுவோம். அண்ணன் தம்பி விஷயம், அவசரப்படக் கூடாது" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஹர்பி சொன்னான், "அவரு சொல்றது சரிதான். மண்ணு போனாப் போகுது, அண்ணன் தம்பி உறவு போனா வருமா?"

"உங்களுக்கு உங்க அம்மா எதுக்கு ஹர்பின்னு பேரு வச்சாங்களோ! சண்டைக்காரன்னு பேரு, சண்டையக் கண்டா எருமைக்குப் பின்னால ஒளியற ஆளு."

"பேரு நானா வச்சேன்?"

"கோதுமை அறுப்பு வரைக்கும் அந்த மனுஷன் தெருவுல என்னப் பாத்துப் பல்ல இளிப்பான், நான் பாத்துக்கிட்டு இருக்கணும். இருப்பேன்னு நினைச்சீங்களா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடக்காமல் போயிருக்குமோ என்னவோ.

வயலில் பிடுங்கியதை எரிக்கச் சொன்னார் அதிகாரி. ஹர்பி குழி வெட்டினான், எரித்தான். எல்லாமே எரியவில்லை. நன்றாகக் கறுத்த காய்களைப் பொறுக்கி, மொட்டைமாடியில் புறாக்கூண்டுக்குப் பின்னால் தவ்ஹிதா காயப்போட்டிருந்தாள். காய்ந்ததும் உரலில் போட்டு இடித்தாள். இடிக்கும்போது ஒவ்வோர் இடிக்கும் ஒரு பேர் சொன்னாள். எல்லாம் ஒரே பேர்தான். எருவோடு கலந்து, பேரீச்சை ஓலைக் கூடை நிறைய அமுக்கி வைத்தாள். பார்த்தால் யாரும் எரு என்றுதான் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். ஜும்ஆத் தொழுகை நேரத்தில் எங்கள் ஊர் வயல்களில் ஒரு ஆண்பிள்ளை இருக்கமாட்டான். அந்த வெள்ளிக்கிழமை கால்வாய்த் தண்ணீர் கினாவியின் முறை. பம்பை ஓட விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போயிருப்பான். முறை போய்விட்டால் அடுத்த முறைக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கால்வாய்க்கரை வழியே போனாள். ஒலிபெருக்கியில் இமாம் அண்டை வீட்டானின் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் நடந்தாள், கால் நிற்கவில்லை. பெர்சீம் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. பம்பிலிருந்து தண்ணீர் தலைவாய்க்காலில் விழுந்து, அங்கிருந்து எல்லாப் பாத்திக்கும் பிரிந்து ஓடியது.

கூடையை இறக்கினாள். ஒரு கை அள்ளித் தண்ணீரில் விட்டாள். அந்த நேரத்தில் ஒரு நொடி மனசு கூசியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண் என்ன பாவம் செய்தது? அது அவளுடைய மாமியாரின் நிலம். அந்தக் கிழவி செத்தபோது குளிப்பாட்டியது தவ்ஹிதா. ஆனால் அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. மகனை அனுப்பிவிட்டு அவன் வாங்கி வரும் செருப்பைப் போட்டுக்கொண்டு இந்த வரப்பில் நடக்கப் போகிறான் கினாவி.

"நட! நல்லா நட!" என்று வாய்விட்டுச் சொன்னாள். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் கொஞ்சம் கறுத்தது, சுழன்றது, பிரிந்து பிரிந்து பாத்திகளுக்குள் போனது. கூடையை அலசிக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு துளிகூட மிஞ்சவில்லை. பெர்சீமுக்கு ஒன்றும் ஆகாது. வருகிற குளிரில் வெங்காயம் நட்டு, அடுத்த அம்ஷீரில் அவன் ஒரு தாளைப் பிடித்து இழுக்கும்போதுதான் தெரியும். அந்த நாளை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டியை மிஷ் பாலாடைக்கட்டியில் தொட்டு வயிறாரத் தின்றாள். "நோவு பிடிச்ச வீடு மாதிரி இருந்துச்சு, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று ஹர்பி கேட்டான். "பசி" என்றாள்.

கோதுமை அறுப்பு முடிந்தது. ஹாஜி அபுல்வஃபா சொன்ன சொல் தவறாமல் ஆளனுப்பினார். கூடத்தில் பாய்மேல் ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹர்பி ஒரு பக்கம், ஜாபிர் அவன் பக்கத்தில். கினாவி எதிரே. பெண்கள் அந்தக் கூடத்துக்குள் போகிற வழக்கமில்லை. தவ்ஹிதா வாசல்படியில் உட்கார்ந்தாள். அவளை எழுப்புகிற தைரியம் யாருக்கும் இல்லை.

அவள் பேசினாள். மண், எருமை, கிழக்கு வயல், பங்கு, ஒன்றையும் விடவில்லை. வேளாண் அதிகாரி சொன்னதைச் சொன்னாள். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

ஹாஜி கினாவியைப் பார்த்தார். "நோவு இருக்குன்னு தெரிஞ்சு அந்த மண்ணக் கொண்டுவரலேன்னு குர்ஆன்மேல கை வச்சுச் சொல்லு. சொன்னா விஷயம் முடிஞ்சுது. சொல்லமாட்டேன்னா நஷ்டத்துக்கு வழி சொல்லு."

கினாவி எழுந்தான். லேசாக நொண்டிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தான்.

"ஹாஜி, கூடப்பிறந்தவனுக்கு முன்னால குர்ஆன எடுக்க எனக்கு வெக்கமா இருக்கு. தெரிஞ்சோ தெரியாமலோ எந்தம்பி நிலம் கெட்டுப் போச்சு. எந்தம்பி நிலம் என் நிலம். எங்கிட்டக் கால்வாய்க்கரை நிலம் இருக்கு. எங்க அம்மா குடுத்தது. அத ஹர்பி எடுத்துக்கட்டும். அந்தக் கெட்டுப்போன நிலத்த நான் எடுத்துக்கறேன். எம்மகனுங்க சோளம் போட்டுப் பிழைச்சுக்குவாங்க."

கூடமே எழுந்துவிட்டது. "அல்லாஹு அக்பர்! இவன்யா ஆம்பள!" என்று ஒருவர் கினாவியின் தோளைக் கட்டிக்கொண்டார். ஹர்பி அழுதுவிட்டான். அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். ஜாபிர் குனிந்து பெரியப்பாவின் கையை முத்தமிட்டான்.

வாசல்படியில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"உம்மு ஜாபிர், உனக்குச் சம்மதம்தானே?" ஹாஜி கேட்டார். "ஃபாத்திஹா ஓதிட்டா அதோட சரி. பின்னால இந்த நிலத்தப் பத்தியோ அந்த நிலத்தப் பத்தியோ ரெண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், இவ்வளவு நேரம் நியாயம் கேட்டு உட்கார்ந்திருந்தவள் தண்ணீரில் விஷம் கலந்தவளாகிவிடுவாள். ஹர்பி இனி இந்தக் கூடத்தில் தலை நிமிர முடியாது, ஜாபிருக்குப் பெண் கொடுக்கிறவர்களும் பின்வாங்கிவிடுவார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

"என்னம்மா, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

"சம்மதம்" என்றாள்.

எல்லோரும் கை ஏந்தி, சொன்ன சொல்லுக்குச் சாட்சியாக ஃபாத்திஹா ஓதினார்கள். அவளும் கை ஏந்தினாள். பிறகு தேநீர் வந்தது. சிரிப்பும் பேச்சுமாகக் கூடம் நிறைந்தது. கினாவி ஒரு குவளையைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தான். "எந்தம்பி பொண்டாட்டிக்கு நானே குடுக்கறேன்" என்று உரக்கச் சொன்னான். பெரியவர்கள் அதற்கும் அவனைப் பாராட்டினார்கள்.

குனிந்து குவளையை நீட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அந்த வெள்ளிக்கிழமை எனக்கு முட்டி வீங்கிக் கிடந்துச்சு. தொழுகைக்குப் போகல. பம்புக்குப் பின்னால நிழல்ல படுத்திருந்தேன்."

தவ்ஹிதா குவளையை வாங்கவில்லை.

"பாத்துக்கிட்டேயா இருந்தீங்க? தடுத்திருக்கலாமே."

"முட்டியப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள முதல் கை தண்ணியில விழுந்துருச்சு. கிழக்கு வயல் மாதிரி இதுவும் போச்சேன்னு அடிவயிறு எரிஞ்சுது. அப்புறம் யோசிச்சேன். கெட்ட நிலத்துக்குக் கெட்ட நிலத்த மாத்தினா எனக்கென்ன நஷ்டம்? சரி, முழுக்கூடையும் விழட்டும்னு படுத்துட்டேன். எடுத்துக்க உம்மு ஜாபிர், ஆறிரும்."

"அப்ப அந்த எரு? தெரிஞ்சேதான் குடுத்தீங்க?"

"குர்ஆன்ல கை வைக்காமத் தப்பிச்சுட்டேனே, இதுக்கப்புறமும் அதக் கேக்கறியே." குவளையைப் படியில் வைத்தான். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லா விளையட்டும்மா! அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்!" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் ஜாபிர் சும்மா இருக்கவில்லை. லிபியாவுக்கு ஏற்பாடு செய்த ஆளிடம் காலையிலேயே போய் வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னான். நாற்றங்காலுக்கு விதை யாரிடம் வாங்குவது, எத்தனை ஆள் பிடிப்பது என்று அப்பாவோடு கணக்குப் பேசினான். ஹர்பி அண்ணன் புகழ் பாடி ஓயவில்லை. "நான் சொல்லல? ரத்தம் ரத்தம்தான். நீதான் அவரத் தப்பா நினைச்சே."

தவ்ஹிதா அடுப்பைப் பற்றவைக்காமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் முகத்தில் இத்தனை மாதத்தில் இல்லாத வெளிச்சம். கினாவியின் கழுத்தைத் திருகிப் போட வேண்டும்போல் இருந்தது. அதைவிடத் தன் கையை அடுப்பில் வைக்க வேண்டும்போல் இருந்தது.

"அம்மா, முழு நிலத்துக்கும் வெங்காயம்தான். ஓரத்துல பூண்டு. சரியா?"

"அந்த நிலத்துல வெங்காயம் வேணாம்டா. கோதுமை போடு."

"கோதுமையா? அந்த மண்ணுலயா? கோதுமை போட்டுக் கல்யாணம் பண்ணவா? ஏம்மா, எதுக்கு வேணாங்கறே?"

ஹர்பியும் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஃபாத்திஹா ஓதிய வாய்.

"ஒண்ணுமில்ல" என்றாள். எழுந்து போய், பரண்மேல் போட்டிருந்த அவன் பையை இறக்கிக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"அந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லாதே. லிபியாவுக்குக் கிளம்பு."